புயலுக்குப் பின் பிள்ளை ஏன் ஒட்டிக்கொள்கிறது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. இப்படிப்பட்ட நாள்களுக்குப் பின் நான்கு வயதுப் பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கலாம், விரல் சூப்பலாம், அம்மாவின் முந்தானையை விட மறுக்கலாம். ஏன்?

மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா சின்ன வயதிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதை அடக்கும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி முழுதாக முதிர 20 வயது தாண்டிவிடும். அச்சத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. தானாக அடங்கப் பிள்ளைக்கு இன்னும் கைவரவில்லை. பெரியவரின் நிதானமான குரலும் மடியும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. "இவ்வளவு பெரிய பிள்ளை அழலாமா?" என்ற அதட்டல் பயனற்றது மட்டுமல்ல, கெடுதலும்கூட.

சாப்பாடும் தூக்கமும் வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். நடந்ததை எளிய சொற்களில், உண்மையாகச் சொல்லுங்கள். விளையாட விடுங்கள், வாயால் சொல்ல வராததைப் பிள்ளை கையால் சொல்லும். பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் களிமண்ணுக்கா பஞ்சம்? வீடு செய்து, இடித்து, மறுபடி கட்டட்டும். வாரங்கள் கடந்தும் தூக்கமோ பேச்சோ பழையபடி திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.