கிழக்கு பார்த்த மலை

இங்கே நான் சொல்வது நடந்துபோய்ப் பறவைப் படம் எடுப்பதைப் பற்றி.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை. பறவைப் படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். சமவெளிப் பக்கமிருந்து எழும் சூரியன் மலைமுகத்தில் நேராக விழுகிற காலைப்பொழுதுதான் இங்கே வண்ணங்களின் வேளை. பிற்பகலில் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஊருக்குள் வெளிச்சம் இருக்கும்போதே மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு ஓடையில் நிழல் கட்டிவிடும். மாலையில் வந்து படம் சரியில்லை என்று நொந்துகொள்பவர்கள் அதிகம்.

சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான இந்தக் காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டாலும் குறையில்லை. அடிவாரத்து மாந்தோப்புகளில் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு நின்றாலே மாங்குயிலும் பனங்காடையும் கிடைக்கும்.

ஓடைப் பாறைகளில் சீகாரப் பூங்குருவியைத் தேடுங்கள். நிழலில் அது வெறும் கரிய பறவை. வெயில் படும் இடத்துக்கு வந்ததும் நெற்றியிலும் தோளிலும் நீலம் பற்றிக்கொள்ளும். அந்த நீலத்துக்குச் சாயம் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் பிறக்கும் நிறம் அது. அதனால் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இதற்கு ஈடாகாது. ஆரஞ்சு மின்சிட்டு ஆணுக்கு நேர்மாறான சிக்கல். நல்ல வெயிலில் அதன் நிறம் வெந்துபோய் இறகின் வரிகளே தெரியாமல் போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் தினமும் இலைகளால் புதிதாகச் செய்து வைக்கும் கிளிக்கு மாதுளம்பூ அலகு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலப் பைங்கிளியில் ஆணுக்குத்தான் சிவப்பு அலகு, பெண்ணுக்குக் கறுப்பு. ஜோடியாக ஒரே கிளையில் அமர்ந்தால் இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கப் பாருங்கள்.

அடர்காட்டின் தீக்காக்கைதான் பொறுமையைச் சோதிக்கும். ஆண் பறவையின் வயிறு செக்கச்செவேல் என்றிருக்கும். ஆளைக் கண்டாலோ பழுப்பு முதுகைத் திருப்பிக்கொண்டு அசையாமல் இருந்துவிடும். சுற்றி வளைத்து முன்பக்கம் போக நினைக்காதீர்கள், பறந்துவிடும். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பூச்சி பிடிக்கப் பாய்ந்து கிளைக்குத் திரும்பும்போது அதுவாகவே முகம் காட்டக்கூடும்.

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அந்தப் படங்களில் உயிர் நிற்கும் தோரணையும் அதன் இயல்பும் இருக்கும். வண்ணப்படம் எடுப்பவர்கள் அவசியம் அவற்றைப் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் துரத்தினால் பறவை கைநழுவிவிடும்.

இப்போது செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டான் என்று பறவை இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு ஓடிவருகிறது. இருவாச்சி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் கொண்டுவரும் இரைதான் சாப்பாடு. மரத்தடியில் கூட்டம் நின்றால் ஆண் கிட்ட வரத் தயங்கும். பொந்தைக் காட்டுகிறேன் என்று யார் அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.