மெஸ் பூனைக்கு வாயில் புண்ணா?

மீனை மோந்து பார்க்குது, வாய் வைக்குது, உடனே கத்திட்டு ஓடுது. எச்சிலும் ஒழுகுது. நம்ம அச்சரப்பாக்கம் ஹாஸ்டல் பூனை இப்படிப் பண்ணினா, 'கொழுப்பு'ன்னு திட்டாதீங்க. அதுக்குப் பசிதான், வாயில் புண். கலிசிவைரஸ் தொற்று, ஈறு வீக்கம் என்று காரணம் பல.

உப்பு, மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த மீனை முள் எடுத்து, தண்ணீர் விட்டுக் கூழாக மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். சூட்டில் வாசனை எழும். பூனை வாசனையை நம்பித்தான் சாப்பிடும்.

ரூம்ல கிடக்கிற பாராசிட்டமால் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதாது. அரை மாத்திரையே உயிரை எடுத்துடும்.

இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். செமஸ்டர் முடியட்டும்னு இருக்காம, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. பெரிய சிகிச்சைன்னா, எழும்பூர் பக்கத்தில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.