உங்களுக்குத் தெரியுமா? பொடி வைத்து ஊதுபவர்கள்

★ ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்று சிலரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறோம். தட்டார் பட்டறையில் பொடி வைத்து ஊதுவது அன்றாட வேலை. இரண்டு வெள்ளித் துண்டுகளை ஒட்டவைக்க, அவற்றைவிடச் சீக்கிரம் உருகுகிற ஒரு கலவை வேண்டும். வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவி எடுத்த தூள்தான் பொடி. இணைப்பில் அதைத் தூவி, ஊதுகுழலால் தீயைச் செலுத்தினால் பற்றிக்கொள்ளும். இதற்குப் ‘பற்றாசு’ என்ற அழகான பழைய பெயரும் உண்டு. இன்று புதிதாகப் பழகுபவர்களுக்கு இதே கலவை கம்பியாகவும் பசையாகவும் கடையில் கிடைக்கிறது.

★ சூட்டைக் கடத்துவதில் உலோகங்களில் வெள்ளிக்குத்தான் முதலிடம். பள்ளியில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்த இந்தச் செய்தியின் அர்த்தம் எனக்குப் பட்டறையில்தான் புரிந்தது. புதியவர்கள் எல்லாரும் தீயை நேரே இணைப்பின் மேல் காட்டுவார்கள். அங்கே விழுந்த சூடு மோதிரம் முழுக்க ஓடிப் பரவிவிடும். பொடி மட்டும் உருண்டு திரண்டு, வேண்டாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை அப்படி ஆனபிறகு, சொல்லிக்கொடுத்த ஆசாரி மெதுவாகக் கேட்டார்: “மோதிரத்தைக் காய்ச்சுங்க சார். பொடியைக் காய்ச்சச் சொன்னது யாரு?” முழு மோதிரத்தையும் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி, கடைசியில்தான் இணைப்புக்கு வரவேண்டும். உருகிய பொடி, சூடு அதிகம் உள்ள பக்கம் தானாக ஓடும்.

நான்காம் முறை ஆர்வம் மிஞ்சிவிட்டது. மோதிரம் கண்ணெதிரே பளபளவென்று மின்னியது. ‘ஆகா’ என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே சரிந்து உருண்டையாகிவிட்டது. கொஞ்சம் செம்பு கலந்த 925 வெள்ளி 800 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இளக ஆரம்பிக்கும், 890 வாக்கில் முழுக்க நீராகிவிடும். அதிகச் சூடு கேட்கும் ‘கடினப் பொடி’ உருகுவது 750 டிகிரியை ஒட்டி. கற்றுக்கொள்கிறவருக்குக் கிடைப்பது நடுவில் இருக்கும் ஐம்பது டிகிரிதான்.

★ அந்த ஐம்பது டிகிரியைக் காட்டிக்கொடுக்க நாட்டு மருந்துக் கடையில் ஒரு வெப்பமானி கிடைக்கிறது: வெண்காரம். சூடு பட்டதும் முதலில் பொரிபோல வெள்ளையாகப் பொங்கும். பிறகு அடங்கும். 740 டிகிரியைத் தாண்டும்போது உருகிக் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். தெளிந்தால் பொடி ஓடும் நேரம் வந்தாயிற்று என்று பொருள். வெண்காரத்தின் சொந்த வேலை வேறு. சூட்டில் செம்பின் மேல் படியும் கருப்பைக் கரைத்து, காற்று படாமல் மூடிவைக்கிறது. அது இல்லாவிட்டால் எவ்வளவு ஊதினாலும் பொடி ஓடாது.

★ ஊதுகுழல் பிடித்த பழைய ஆசாரிமார் நடுவில் மூச்சு வாங்க நிறுத்துவதில்லை. கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுப்பார்கள். நாகசுரக் கலைஞர்கள் பழகுவதும் இதே வித்தையைத்தான். இப்போது கைக்கு அடக்கமான கேஸ் டார்ச் வந்துவிட்டதால் நமக்கு அந்தப் பாடு இல்லை.

★ அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விரிசல் விடும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெழுகாகிவிடும். அந்த மங்கிய சிவப்பை வெயிலில் பார்க்க முடியாது. பட்டறைகள் இருட்டடைந்து கிடப்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. புதியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: காய்ச்சுமுன் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு மறையும் நேரம்தான் ஏறக்குறையப் பதம்.

★ மோதிரத்துக்குத் தகடு வெட்டும்போது விரல் அளவை மட்டும் நம்பாதீர்கள். உள்விட்டம் 17 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 1.5 என்றால், இரண்டையும் கூட்டி 3.14 ஆல் பெருக்க வேண்டும். 58 மில்லிமீட்டர் வரும். கனத்தை மறந்து 53 வெட்டினால், மோதிர விரலுக்குச் செய்தது சுண்டு விரலில் போய் நிற்கும்.

★ நகை ரம்பத்தின் இழை ஏறக்குறையக் கால் மில்லிமீட்டர் கனம். பற்கள் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கவேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும். முதல் நாள் ஒரு டஜன் இழை ஒடியும், கவலைப்படாதீர்கள். கொஞ்சம் தேன்மெழுகு தடவினால் ஒடிவது குறையும். முதலில் வெள்ளியைத் தொடாமல் செம்புத் தகட்டில் பழகுவது பர்ஸுக்கு நல்லது.

★ உள்ளே கூடான நகையை நாலாபக்கமும் அடைத்துப் பொடி வைத்து ஊதினால், உள்ளே சிக்கிய காற்று விரிந்து வெடிக்கும். அதனால் எந்தக் குண்டுமணிக்கும் ஓர் ஊசித் துளை விடுவது பட்டறை விதி.

இதைக் கற்ற நாளிலிருந்து சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. கண்ணகி சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவி சிலம்பில் முத்துப் பரல். மாணிக்கம் பட்டறைச் சூட்டை ஓரளவு தாங்கும். முத்து தாங்காது, தீ பட்டால் கெட்டுப்போய்விடும். அப்படியானால் முத்தை உள்ளே போட்டபிறகு அரசியின் சிலம்பை எப்படி மூடியிருப்பார்கள்? வாய்ப்பூட்டின் வழியே கடைசியில் பரலைப் போட்டு, தீ காட்டாமல் விளிம்பை மடித்து இறுக்கியிருக்கலாம் என்பது என் ஊகம். கைவேலை தெரிந்த ஆசாரிக்கு, சிலம்பு மூடிய விதத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று தெரிந்திருக்கும். கதையில் வரும் பொற்கொல்லனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

★ ‘ஆக்சிடைஸ்டு’ என்று விற்கும் கருப்பு வெள்ளி நகைகளில் ஆக்சைடு கிடையாது. வெள்ளியைக் கறுப்பாக்குவது கந்தகம். அது வெள்ளி சல்ஃபைடு. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுடச்சுட அவித்த முட்டையை உடைத்து மோதிரத்தோடு ஒரு டப்பாவில் மூடிவையுங்கள், நேரம் போகப் போகக் கறுக்கும். திரும்ப வெளுக்க வேண்டுமா? அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி, தாளைத் தொட்டபடி நகையைப் போடுங்கள். கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். கல் பதித்த நகையை மட்டும் இதில் போடவேண்டாம்.

★ பொடி வைத்த நகை கறுத்து வரும். நீர்த்த அமிலத்தில் போட்டால் கருப்பு கரையும். பாட்டி புளியால் செம்புக் குடம் தேய்த்ததும் இதே கணக்குதான். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்றவேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. இரும்புச் சாமணத்தை அதற்குள் விட்டால் கரைந்திருக்கும் செம்பெல்லாம் நகைமேல் வந்து படிந்து, வெள்ளி மோதிரம் செம்பு மோதிரமாக வெளியே வரும்.

★ 925 என்ற எண் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. வெள்ளிச் சாமான்கள் இந்தத் தரத்தில் இருக்கவேண்டும், சிறுத்தைத் தலை முத்திரை வேண்டும் என்று முதலாம் எட்வர்டு காலத்தில், 1300-ல், சட்டம் வந்தது. 1478 முதல் லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் ‘ஹாலுக்கு’ கொண்டுபோய் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஹால்மார்க் என்ற பெயர் அங்கே பிறந்தது.

★ ‘கேடிஎம் நகை’ என்று ஒரு காலத்தில் கடைப் பலகைகளில் பெருமையாக எழுதியிருப்பார்களே, அது காட்மியம். பொன்னில் கொஞ்சம் சேர்த்தாலே பொடி சீக்கிரம் உருகும், மாற்றும் அதிகம் இறங்காது. ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி நுரையீரலைக் கெடுக்கும். நகை போட்டவருக்குப் பெருமை, ஊதியவருக்கு நோய். நீங்கள் வாங்கும் பொடியில் காட்மியம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சன்னலைத் திறந்துவையுங்கள்.

★ பொடியே இல்லாமலும் ஒட்டலாம். கலப்பில்லாத வெள்ளி சூட்டில் கறுக்காது. வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்துவைத்து 961.8 டிகிரிவரை கொண்டுபோனால் தானே கலந்துகொள்ளும். ஒரு நொடி தாமதித்தால் வளையம் இருக்காது.

★ இத்தாலியில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எட்ருஸ்கர்கள், கால் மில்லிமீட்டருக்கும் சிறிய பொன்மணிகளைப் பொடியின் சுவடே தெரியாமல் நகைமேல் ஒட்டினார்கள். எப்படி என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1933-ல் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு விடைக்குக் காப்புரிமை வாங்கினார். செம்பு உப்பையும் பசையையும் குழைத்து மணிகளை ஒட்டிக் காய்ச்ச வேண்டும். பசை கரியாகும், கரி உப்பிலிருந்து செம்பைப் பிரிக்கும். அந்தச் செம்பு மணி தொடும் இடத்தில் மட்டும் பொன்னோடு கலந்து சீக்கிரம் உருகும். வெள்ளியிலும் இது நடக்கும். செம்பு தனியே உருக 1085 டிகிரி வேண்டும். 72 பங்கு வெள்ளியோடு 28 பங்கு செம்பு சேர்ந்தால் 779 போதும்.

★ சேலம் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசு பல கை மாறித்தான் முடிகிறது. உருக்க ஒருவர், கம்பி இழுக்க ஒருவர், வளையம் கோத்துப் பொடி வைக்க ஒருவர், மெருகேற்ற ஒருவர். தனியாகப் பழகுகிற நமக்கு இந்த நாலு பேர் வேலையும் தலையில் விழுகிறது.

★ நகைக் கடை ரசீதில் ‘சேதாரம்’ பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். பட்டறையில் அது ரம்பத் தூளும் அரத் தூளும்தான். காற்றில் கரைந்துவிடுவதில்லை. மடியில் தோல் விரித்து ஏந்திக்கொள்வார்கள். தரையில் சிந்தியதைக்கூட, பட்டறை மண்ணை விலைக்கு வாங்கி அலசி எடுக்கிறவர்கள் உண்டு. இது தெரிந்தபிறகு அந்த ரசீதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

★ உருகிய வெள்ளி, தன் கன அளவைப்போல இருபது மடங்குவரை ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது அவ்வளவையும் வெளியே விடும். மேல்தோல் கிழிந்து வெள்ளித் துளிகள் தெறிக்கும். மூசையில் வெண்காரமும் கரித்துண்டும் போடுவது இதைத் தடுக்கத்தான். உருண்டையாகிப்போன என் மோதிரத்தை மறுபடி உருக்கியபோது கரித்துண்டு போட மறந்துவிட்டேன். குளிர்ந்தபிறகு எடுத்துப் பார்த்தால், மேலெல்லாம் சின்னச் சின்ன எரிமலை வாய்கள். ஆசாரி அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இதுவே பார்க்க நல்லாத்தான் இருக்கு சார், டாலரா போட்டுக்குங்க” என்றார்.