சாயம் போகுமா என்று மட்டும் கேட்டால் போதுமா?

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். புளி வாங்கினால் கொட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். துணி வாங்கும்போது மட்டும், "சாயம் போகுமா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறோம். நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சாயம் எங்கே போயிற்று என்று கேட்டதுண்டா, சகோதரிகளே?

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர்தான் தேங்கியது. சுற்று வட்டாரத்துக் கிணறுகளும் வயல்களும் கெட்டுப் போயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் சுத்தம் செய்து, அதே நீரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

ஆகவே "நாங்கள் இயற்கையின் நண்பர்கள்" என்று ஒரு கம்பெனி பச்சை இலை படம் போட்டுச் சொன்னால், உடனே மயங்கி விடாதீர்கள். நான் பார்க்கும் விஷயங்கள் இவை:

தைத்த இடம்: 2013 ஏப்ரல் 24 அன்று வங்காள தேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் தையல் வேலை செய்த பெண்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் வேலைக்கு வரச் சொன்னார்களாம்! அதன் பிறகு பல கம்பெனிகள் தங்கள் தொழிற்சாலைகளின் பெயர், விலாசத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. அதைக்கூடச் சொல்லாத கம்பெனியை எப்படி நம்புவது?

நூல் நூற்ற கை: தையலோடு விஷயம் முடிவதில்லை. "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயர் வைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்து வேலை வாங்கியது நம் தமிழ்நாட்டில்தான். உடம்பு முடியாமல் பாதியில் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. பஞ்சாலை வரை விசாரிக்கிறோம் என்று சொல்லும் கம்பெனியே மேல்.

முத்திரை: 'காட்ஸ்' முத்திரை இருந்தால், குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண்மை இழை. 'ஆர்கானிக்' என்றே போட்டிருந்தால் 95 சதவீதம். கழிவு நீருக்கும் தொழிலாளர் நலனுக்கும் அதில் விதிகள் உண்டு. 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' என்றால், துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்தது என்று மட்டுமே அர்த்தம். கைக்குழந்தை துணிக்கு அது நல்லதுதான். ஆனால் தைத்தவளுக்குக் கூலி கிடைத்ததா என்பதை அது சொல்லாது. கைத்தறிப் புடவையா? 2006-ல் வந்த கைத்தறி முத்திரையைப் பாருங்கள்.

விலை கூடுதல் என்பதாலேயே நியாயமான துணி என்று எண்ணிவிட வேண்டாம். அடிமாட்டு விலை என்றால், யாரோ ஒருத்தியின் கூலியில் கை வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

எத்தனை நல்ல கம்பெனியானாலும், நாலு தடவை உடுத்தித் தூக்கிப் போட்டால் பிரயோசனமில்லை. பழைய நூல் புடவை தூளியாகி, தூளி கரித்துணியாகும் வரை உழைத்த வீடுகள்தானே நம்முடையவை!

கடையில் நான் இதையெல்லாம் கேட்டால் விற்பனைப் பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். நாலு பெண்கள் சேர்ந்து கேட்டால் முதலாளி காதுக்கு எட்டாமலா போகும்?