லாரி காத்திருந்தால் யாருக்கு நட்டம்?

ஸாம்பியாவுக்கும் ஸிம்பாப்வேக்கும் இடையே ஸாம்பேசி ஆறு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் சிருண்டு என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வடக்கே செல்லும் சரக்கு வண்டிகளுக்கு அங்குள்ள பாலம் ஒரு முக்கிய வழி. முன்பு அங்கு லாரிகள் காத்திருந்தது மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில். ஒரு கரையில் ஆவணங்களைக் காட்டி முத்திரை வாங்கிய ஓட்டுநர், பாலத்தைக் கடந்ததும் அதே வேலைக்கு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

வர்த்தகத் தடை என்றதும் பொருளியல் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது இறக்குமதி வரிதான். வரியைக் குறைத்தால் என்ன ஆகும் என்று வரைபடம் போட்டுக் காட்டிவிடலாம். ஆனால் நிற்கும் லாரிக்கு வாடகை, ஓட்டுநருக்குச் சம்பளம், உள்ளே அழுகும் தக்காளி என ஏறும் செலவு எந்த வரிப் பட்டியலிலும் வராது.

2009 டிசம்பரில் சிருண்டு, ஆப்பிரிக்காவின் முதல் ‘ஒரே நிறுத்த’ எல்லைச் சாவடியானது. வடக்கே போகும் வண்டி ஸாம்பியப் பக்கத்தில் மட்டும் நிற்கும். தெற்கே போவது ஸிம்பாப்வே பக்கத்தில் மட்டும். இரு நாட்டு அதிகாரிகளும் அங்கேயே இருப்பார்கள். உட்லண்ட்சையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் திட்டத்திலும் இதே எண்ணம்தான். அதில் புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஸிம்பாப்வே சுங்க அதிகாரி ஸாம்பிய மண்ணில் ஒருவரைத் தடுத்து வைத்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? இதற்காக இரு நாடுகளும் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கட்டடம் எழுப்புவதைவிட இதுவே கடினமான வேலை என்று நினைக்கிறேன்.

எல்லையைக் கடப்பவை லாரிகள் மட்டுமல்ல. தலையில் கூடையும் சைக்கிளில் மூட்டையுமாகக் கடக்கும் சிறு வணிகர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு மூட்டை மக்காச்சோளத்துக்கு, ஒரு கொள்கலனுக்குரிய ஆவணங்களைக் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? சாவடியைத் தவிர்த்துக் குறுக்குப் பாதையில் போவார்கள். அங்கே பிடிபட்டால் லஞ்சம், பறிமுதல், சில வேளை பாலியல் தொல்லையும் உண்டு. கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சந்தையான ‘கோமெசா’ இவர்களுக்கென எளிய நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பட்டியலில் பொருள் இருந்தால், எளிய படிவம் போதும், வரி கிடையாது. தொடக்கத்தில் 500 அமெரிக்க டாலராக இருந்த மதிப்பு வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது.

ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம், அவற்றின் மொத்த வர்த்தகத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடுதான். அதைப் பெருக்கவே ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தக வட்டாரம் உருவானது. எரித்திரியா தவிர 54 நாடுகள் கையெழுத்திட்டுள்ளன. நைஜீரியா 2019 ஜூலையில் கையெழுத்திட்டது. மறுமாதமே, அரிசிக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி பெனினுடனான நில எல்லையை மூடியது. லாகோஸ் சந்தையை நம்பியிருந்த பெனின் விவசாயிகள் விளைச்சலை விற்க முடியாமல் திண்டாடினார்கள். எல்லை மீண்டும் திறக்கத் தொடங்கியது 2020 டிசம்பர் நடுவில். ஒப்பந்தத்தின்கீழ் வர்த்தகம் தொடங்க அப்போது இரண்டே வாரம் இருந்தது.