கம்ப்யூட்டர் பேசாமல் ‘பீப் பீப்’ என்கிறதா? என்விடிஏ ஒலிகளின் அர்த்தமும் சரிசெய்யும் வழியும்

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீரென்று வாயை மூடிவிட்டு, எந்தக் கீயைத் தட்டினாலும் ‘பீப்... பீப்...’ என்று மட்டும் கத்துகிறது. ஸ்க்ரீன் ரீடரை நம்பி ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அந்த நொடியில் திரையே காணாமல் போன மாதிரிதான். ஓடிபி வந்திருக்கும், கடைசி தேதி இன்றாக இருக்கும், பக்கத்தில் உதவிக்கு ஆள் இருக்காது. பல நேரங்களில் இதற்குத் தீர்வு ஒரே ஒரு கீ அழுத்தம்தான்!

சென்னையின் மேற்குப் புறநகரில் இருப்பவர்களுக்கு இந்த விஷயம் ரொம்பத் தூரத்தில் இல்லை. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். ஆவடி, அம்பத்தூர் பக்கம் பஸ்ஸில் காதில் ஹெட்போனோடு போனைத் தடவிக்கொண்டு வருபவர், பாட்டு கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். திரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

யார் செய்த மென்பொருள் இது?

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ரீன் ரீடர் என்விடிஏ. 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் இதை எழுத ஆரம்பித்தார், அவருக்கும் பார்வை கிடையாது. விலைக்கு விற்கப்பட்ட ஸ்க்ரீன் ரீடர்கள் சில நேரம் கம்ப்யூட்டரைவிட அதிக விலையில் இருந்த காலம் அது. பிறகு நண்பர் ஜேம்ஸ் டே, அவரும் பார்வையற்றவர், சேர்ந்துகொண்டார். இருவரும் ஆரம்பித்த லாப நோக்கற்ற நிறுவனம் என்வி ஆக்சஸ். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

என்விடிஏ திரையில் இருப்பதைப் படித்து எழுத்தாகக் கொடுக்கும். அதைக் குரலாக மாற்றுவது இன்னொரு மென்பொருள். இ-ஸ்பீக் என்ஜி அதில் ஒன்று. ஜொனாதன் டடிங்டன் 1995-ல் ஏகார்ன் கம்ப்யூட்டருக்காக எழுதியதிலிருந்து வளர்ந்தது. மனிதக் குரலைப் பதிவு செய்து ஒட்டாமல், கணக்குப் போட்டே ஒலியை உருவாக்குகிறது. அதனால்தான் அந்த ரோபோ குரல். புதிதாகக் கேட்பவர்கள் “என்னப்பா இது, தமிழா?” என்பார்கள். ஆனால் அளவு சின்னது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்கள் குழையாது. பழகியவர்கள் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் கேட்பார்கள்.

இந்தப் பிரிவினை தெரிந்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். பேச்சுக்கு ஒரு வழி, ‘டிங்’, ‘பீப்’ ஒலிகளுக்கு இன்னொரு வழி. அதனால்தான் பேச்சு செத்துப்போனாலும் பீப் உயிரோடு இருக்கிறது.

முதல் சந்தேகம்: இன்சர்ட் + எஸ்

பேச்சுக்குப் பதில் பீப் மட்டும் வந்தால், பெரும்பாலும் கை தவறி இன்சர்ட் கீயோடு எஸ் அழுத்தியிருப்பீர்கள். பேச்சு, மௌனம், பீப் மட்டும் என்று நிலைகளை மாற்றும் கட்டளை அது. புதிய பதிப்புகளில் ‘கேட்டால் மட்டும் பேசு’ என்ற நிலையும் உண்டு. மறுபடி மறுபடி அதையே அழுத்துங்கள், குரல் திரும்பி வரும். கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயாக வைத்திருந்தால் இன்சர்ட்டுக்குப் பதில் அது.

ஒரே ஒரு செயலியில் மட்டும் மௌனமா? டெஸ்க்டாப் கீ அமைப்பில் இன்சர்ட் + ஷிஃப்ட் + எஸ் அந்தச் செயலியில் என்விடிஏ-வைத் தூங்கவைத்துவிடும். அதையே திரும்ப அழுத்தினால் எழுந்துகொள்ளும். ஒரு காதில் மட்டும் பேச்சு கேட்கிறது என்றால் ஹெட்போனைக் குறை சொல்வதற்கு முன் இன்சர்ட் + ஆல்ட் + எஸ் அழுத்திப் பாருங்கள். என்விடிஏ ஒரு காதில், மற்ற ஒலிகள் இன்னொரு காதில் என்று பிரிக்கும் வசதி 2024-ல் வந்தது. எல்லாவற்றுக்கும் எஸ் கீயே கொடுத்து வைத்திருக்கிறார்கள், விரல் தடுமாறாமல் என்ன செய்யும்?

பீப்கூட இல்லை, முழு அமைதி என்றால் விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + என்டர். விண்டோஸோடு வரும் நரேட்டர் பேச ஆரம்பிக்கும். அதை வைத்துக்கொண்டு ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது, எது மியூட்டில் இருக்கிறது என்று பார்க்கலாம். பிறகு கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்தினால் என்விடிஏ புதிதாகத் தொடங்கும். நரேட்டரை அதே மூன்று கீகளால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரெண்டு குரலும் சண்டை போடும்.

விண்ணப்பப் படிவத்தில் வரும் சிக்கல்

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். இணையப் பக்கத்தில் என்விடிஏ-வுக்கு இரண்டு நிலைகள்: படிக்கும் நிலை, தட்டச்சு நிலை. மாறும்போது குரலில் சொல்லாமல் ஒரு குட்டிச் சத்தம் மட்டும் தரும், இரண்டுக்கும் தனித்தனிச் சத்தம். அதைக் கவனிக்கத் தவறினால் போச்சு. படிக்கும் நிலையில் ‘ஹெச்’ அடித்தால் அடுத்த தலைப்புக்குத் தாவும், ‘கே’ அடித்தால் லிங்க், ‘பி’ அடித்தால் பட்டன். பெயரை டைப் செய்கிறோம் என்று நினைத்து அடித்துக்கொண்டே போவோம், கர்சர் பக்கம் முழுக்கத் தாவிக்கொண்டிருக்கும். கட்டளை எதுவும் இல்லாத எழுத்தை அடித்தால் விண்டோஸின் ‘டிங்’ மட்டும் வரும். அந்த ‘டிங்’ கேட்டால் பெட்டிக்குள் எழுத்து விழவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்சர்ட் + ஸ்பேஸ் அழுத்தி நிலையை மாற்றலாம். சத்தத்துக்குப் பதில் வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றால், படிக்கும் நிலை அமைப்புகளில் ஒலி அறிவிப்பை அணைத்துவிட்டால் போதும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கோப்பு அப்லோடு ஆகும்போது படிப்படியாக ஏறும் பீப் பிழை கிடையாது. எவ்வளவு முடிந்தது என்பதைச் சுருதியால் சொல்கிறது. இன்சர்ட் + யூ அழுத்தினால் பீப், குரல், இரண்டும், ஒன்றும் வேண்டாம் என்று மாற்றிக்கொள்ளலாம். கேப்ஸ் லாக் ஆனில் இருக்கும்போது ஷிஃப்ட்டோடு எழுத்தை அடித்தால் வரும் பீப்பை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். பாஸ்வேர்டில் சிறிய எழுத்து விழுகிறது என்ற எச்சரிக்கை அது. பாஸ்வேர்டு பெட்டியில் எல்லாமே ‘ஸ்டார், ஸ்டார்’ என்றுதான் கேட்கும் என்பதால் வேறு துப்பு கிடைக்காது.

சோதனைப் பதிப்பை இறக்கியவர்களுக்கு அடிக்கடி ஒரு பிழை ஒலி கேட்கும். உள்ளே ஏதோ தவறு பதிவானது என்று அர்த்தம். இன்சர்ட் + எஃப்1 அழுத்தினால் அந்தப் பதிவைப் படிக்கலாம். வழக்கமான பதிப்பில் இந்த ஒலி தானாக வராது.

ப்ளூடூத் முழுங்கும் முதல் எழுத்து

‘அம்பத்தூர்’ என்று வர வேண்டியது ‘பத்தூர்’ என்று கேட்கிறதா? ஒலி இல்லாத நேரத்தில் சில ப்ளூடூத் ஹெட்போன்கள் தூங்கிவிடும், விழிப்பதற்குள் முதல் அசை போய்விடும். ஒலி அமைப்புகளில், பேசி முடித்த பிறகும் கருவியை எவ்வளவு நேரம் விழித்திருக்க வைப்பது என்று ஒரு தேர்வு உண்டு. அதைக் கூட்டுங்கள். அதே பக்கத்தில் ஒலிகளின் வால்யூமைத் தனியாக வைக்கலாம், குரல் வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கவும் விடலாம். யூடியூப் வீடியோவின் சத்தம் தானாகக் குறைவதும் கோளாறு இல்லை. இன்சர்ட் + ஷிஃப்ட் + டி அந்த வேலையைச் செய்கிறது.

தமிழுக்கென்றே சில தலைவலிகள்

பெரிய எழுத்து வந்தால் பீப் கொடு என்று ஓர் அமைப்பு உண்டு. தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, ஆங்கிலம் கலந்த இடத்தில் மட்டும் அது கத்தும். இதைப் பிழை என்று நினைத்து மென்பொருளையே நீக்கிவிடாதீர்கள். இன்னொன்று உச்சரிப்பு. தமிழில் ஒரே ‘ப’வுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். விதிப்படி படித்தால் ‘அம்பத்தூர்’, ‘பூந்தமல்லி’, ‘ஆவடி’ எல்லாம் சரியாக வந்துவிடும். ‘பஸ்’ஸும் ‘பேங்க்’கும்தான் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் சொல்லின் முதலில் வரும் ‘ப’ அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பது விதி.

ஒரு ஆவணம் முழுக்க ‘ஏ, எக்ஸ், கமா’ என்று உளறினால் குற்றவாளி குரல் இல்லை, அந்த ஆவணம். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தது அது. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கிலக் குப்பை. ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அதுவும் இல்லை, வெறும் படம், எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் இல்லாமல் படிக்கவே முடியாது. அறிவிப்பை இப்படிப் போடும் அலுவலகங்கள் ஒரு கோப்பை யூனிகோடில் சேமித்தாலே எத்தனையோ பேருக்கு இன்னொருவரைக் கெஞ்சும் வேலை மிச்சம்.

குரல் பிடிக்கவில்லையா? இன்சர்ட் + கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் குரல் மென்பொருளை மாற்றலாம். விண்டோஸ் 10-லிருந்து தமிழுக்கு ‘வள்ளுவர்’ என்ற குரல் இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பேச்சு வசதியை இறக்க வேண்டும். அது திறந்த மூலம் அல்ல, ஆனால் காதுக்கு இதம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குத் திறந்த மூலக் குரல் மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. இயல்பான குரல்தான், ஆனால் அந்த வகை மாதிரிகளுக்குக் கணிப்புத் திறன் நிறைய வேண்டும். கீயைத் தட்டிய கணமே பேச வேண்டிய ஸ்க்ரீன் ரீடரில் கால் நொடித் தாமதம்கூடப் பெரிய தொல்லை.

எதையெதையோ மாற்றிக் குழம்பிவிட்டால் இன்சர்ட் + கன்ட்ரோல் + ஆர் ஒருமுறை அழுத்துங்கள், கடைசியாகச் சேமித்த அமைப்புக்குத் திரும்பும். வேகமாக மூன்று முறை அழுத்தினால் புதிதாக இறக்கியபோது இருந்த நிலைக்கே போய்விடும். எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நாளில் இன்சர்ட் + கன்ட்ரோல் + சி அழுத்திச் சேமித்து வைத்திருந்தால் அந்த மூன்று முறைக்கு அவசியம் வராது.