நசுக்காமல் தூக்கும் இயந்திரக் கைகள்

பறிக்கும்போது அழுந்திய தக்காளியில் காயம் அன்றே தெரிவதில்லை. இரண்டொரு நாளில் அவ்விடம் மெத்தென்றாகி அழுகத் தொடங்கும். நஷ்டம் விவசாயியைச் சேரும். ஜப்பான், நெதர்லாந்து முதலிய நாடுகளில் கண்ணாடிக் குடில்களில் தக்காளி பறிக்க 'ரோபோ' எனப்படும் இயந்திரக் கைகள் வந்துள்ளன. முன்பின் தொட்டறியாத காயை இவை நசுக்காமல் பிடிப்பது எப்படி?

பிடியின் கணக்கு

பிடி தளர்ந்தால் காய் நழுவும், இறுகினால் நசுங்கும். தேவையான அளவைக் காயின் எடையும் தோலின் வழவழப்பும் தீர்மானிக்கின்றன. உதாரணமாக, 200 கிராம் தக்காளியை இரு விரல்கள் பக்கவாட்டில் பிடிப்பதாகக் கொள்வோம். உராய்வு எண் 0.5 ஆனால், ஒவ்வொரு விரலும் குறைந்தது 200 கிராம் எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். ஈரத்தால் உராய்வு எண் 0.25 ஆகக் குறைந்தால் 400 கிராம் அழுத்தம் தேவை. ஆகவே ஈரக் காய்க்கே காயம்படும் அபாயம் அதிகம்.

நமது விரல்கள் இக்கணக்கைத் தாமாகவே போடுகின்றன. நழுவாதிருக்கத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் மனிதக் கை அழுத்துகிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் யோஹான்சன், வெஸ்ட்லிங் ஆகியோர் 1984-ல் கண்டறிந்தனர். இயந்திரமும் இதையே பின்பற்றுகிறது. முதலில் மெதுவாகத் தொட்டுச் சிறிதளவே தூக்கும். மணிக்கட்டிலுள்ள உணர்கருவி எடையைச் சொல்லும். விரல்நுனியில் நழுவும் அதிர்வு தெரிந்தால், பிடி சற்று இறுகும்.

இரு கைகள் சேரும்போது

பெரிய பூசணிக்காயை இரு இயந்திரக் கைகள் தூக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. குறித்த இடத்திற்கே விறைப்பாகச் செல்லும்படி இரண்டும் அமைந்திருந்தால், ஒரு கை சில மில்லிமீட்டர் உள்ளே வந்தாலும் காய் நசுங்கும். விலகினால் கீழே விழும். பாரம் சுமக்கும் இருவரில் ஒருவர் முன்செல்ல, மற்றவர் அனுசரித்து நடப்பதுபோல் இயந்திரங்களும் நடக்க வேண்டும்.

இதற்கு இரு வழிகள் உண்டு. நகரும் திசையில் இடத்தையும், அழுத்தும் திசையில் விசையையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் முறையை 1981-ல் அமெரிக்காவில் ரெய்பர்ட், கிரெய்க் ஆகியோர் வெளியிட்டனர். கையைச் சுருள்வில் போல வளைந்துகொடுக்கச் செய்யும் முறையை 1985-ல் ஹோகன் விளக்கினார்.

விவசாயிகள் கவனத்திற்கு

இக்கருவிகள் சிறு விவசாயிகள் வாங்கும் விலையில் இன்னும் இல்லை. எனினும் இக்கணக்கு கையால் பறிப்பவர்க்கும் பொருந்தும். பனி ஈரம் உலர்ந்தபின் பறிக்கவும். நகங்களை வெட்டிவிட்டு, விரல்நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையில் ஏந்திப் பறிக்கவும். கூடையில் உயரமாக அடுக்க வேண்டாம்.

பறிக்கும் அல்லது தரம் பிரிக்கும் இயந்திரம் எதையும் வாடகைக்கு எடுக்குமுன், காய்க்குக் காய் அழுத்தத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அதில் கையாண்ட 20 காய்களையும், கையால் பறித்த 20 காய்களையும் தனித்தனியே 3 நாள் வைத்துப் பாருங்கள். எதில் அழுகல் குறைவோ அதுவே இலாபம் தரும் முறை.